நேதாஜி: வாழ்வும் வதந்தியும்

என் தாத்தா வீட்டுக் கூடத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போசின் படம் ஒன்று தொங்கும். சிரம்பானுக்கு அருகில் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலந்தொட்டு, தோட்டம் கைமாறித் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அந்தப் படம் அவருடனே வந்தது. ஒவ்வோர் ஆண்டும் சனவரி 23ஆம் நாள் அதைத் துடைத்து வைப்பார். பாட்டியைக் கேசரி கிண்டச் சொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். ஆனால், படத்துக்கு மாலை போட மட்டும் யாரையும் விட்டதில்லை. மனிதர் படத்தில் மாலை விழுந்தால் அவர் இறந்துவிட்டார் என்று பொருள். நேதாஜி இறக்கவில்லை என்பது தாத்தாவின் கணக்கு. 1997இல் நேதாஜிக்கு நூறு வயது நிறைந்தபோதும் அந்தக் கணக்கு மாறவில்லை. யோகப் பயிற்சி உள்ளவருக்கு நூறு ஒரு வயதா என்று கேட்டுச் சிரித்தார்.

1999இல் நான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவன். அவ்வாண்டு நடந்த பேச்சரங்கு ஒன்றில் தாத்தாவின் கணக்கை அப்படியே மேடையேற்றினேன். விமான விபத்து ஒரு நாடகம், நேதாஜி தப்பிவிட்டார், உலக வல்லரசுகள் அதை மறைத்துவிட்டன என்று முழங்கினேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. அரங்கு கலைந்தபின் விரிவுரையாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். எந்தச் சான்றைக் காட்டினால் நேதாஜி இறந்துவிட்டார் என்று நான் ஒப்புக்கொள்வேன் என்று கேட்டார். எவ்வளவு யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத ஒன்றை ஆராய்ச்சி என்று சொல்லக்கூடாது என்று மட்டும் சொன்னார். பிறகு, ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடச் சொன்னார். கண்டவர் யார், கேட்டவர் யார், அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பியவர் யார் எனப் பிரித்து எழுதி வரச் சொன்னார்.

அந்தத் தாளை எழுதி முடிக்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதன் வழியே நான் அறிந்துகொண்ட நேதாஜியின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

கட்டாக் முதல் கல்கத்தா வரை

சுபாஷ் 1897ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் ஒடிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் வழக்கறிஞர். தாய் பிரபாவதி. பதினான்கு பிள்ளைகளில் சுபாஷ் ஒன்பதாவது பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரர். ஆனால், அடங்கிப் போகும் பிள்ளை அல்லர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட நிகழ்ச்சியை ஒட்டி 1916இல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து 1919இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். தந்தையின் விருப்பப்படி இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்றார். 1920இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அன்றைய இந்திய இளைஞனுக்கு அதைவிடப் பெரிய பதவி இல்லை. அந்தப் பதவியை அடுத்த ஆண்டே உதறிவிட்டு நாடு திரும்பினார்.

சித்தரஞ்சன் தாசைத் தலைவராக ஏற்று வங்காள அரசியலில் இறங்கினார். 1924இல் கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியானார். அதே ஆண்டு கைதாகி, பின்னர் பர்மாவின் மண்டலைச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே உடல் நலிந்து 1927இல்தான் விடுதலையானார். 1930இல் கல்கத்தா மேயர். 1938இல் ஹரிபுராவில் காங்கிரசுத் தலைவர். 1939இல் காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை எதிர்த்து நின்று 1580க்கு 1377 என்ற வாக்குக் கணக்கில் மீண்டும் வென்றார். ஆனால், செயற்குழுவோடு ஒத்துப்போக முடியாமல் சில மாதங்களிலேயே பதவி விலகி, பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார்.

உண்மையான மாறுவேடங்கள்

இனி வரும் பகுதி திரைக்கதை போலத் தோன்றும். ஆனால், அத்தனையும் நடந்தவை.

1940இன் இறுதியில் சிறையில் உண்ணாவிரதம் இருந்ததால் விடுவிக்கப்பட்ட சுபாஷ், கல்கத்தா எல்ஜின் சாலை வீட்டில் காவலர்களின் கண்காணிப்பில் இருந்தார். தனிமையில் இருக்கப் போவதாகவும், யாரும் தம்மைப் பார்க்க வரக்கூடாது என்றும் அறிவித்தார். 1941 சனவரி 16ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டியபின், முகம்மது ஜியாவுதீன் என்ற பெயரில் வட இந்திய முஸ்லிம் போல உடுத்திக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். அண்ணன் மகன் சிசிர் காரை ஓட்டினார். கோமோ நிலையத்தில் இரயிலேறிப் பெஷாவர் போய், அங்கிருந்து காது கேளாத, வாய் பேசாத பட்டாணியராக நடித்து எல்லையைக் கடந்து காபூலை அடைந்தார். பிறகு ஆர்லாந்தோ மசோட்டா என்ற பெயருள்ள இத்தாலியக் கடப்பிதழோடு மாஸ்கோ வழியாக 1941 ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார். அவர் வீட்டில் இல்லை என்பதே பத்து நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

அவரைக் கொல்லச் சதி ஏதும் நடந்ததா என்று கேட்டால், நடந்தது என்பதே விடை. அவர் மத்தியக் கிழக்கு வழியாக ஜெர்மனிக்குப் போகக்கூடும் என்று எண்ணிய பிரிட்டிஷ் அரசு, 1941 மார்ச்சில் தன் இரகசியப் படைக்கு அவரைக் கொல்லும்படி ஆணையிட்டது. அயர்லாந்து வரலாற்று அறிஞர் ஒருவர் 2005இல் பிரிட்டிஷ் ஆவணங்களைக் கொண்டே இதை வெளிப்படுத்தினார். ஆகவே, சதி என்றாலே கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் அறிவுடைமை ஆகாது. உண்மையான சதிக்கு ஆணை இருக்கும், தேதி இருக்கும், ஒருநாள் ஆவணமும் வெளிவரும்.

ஒரு முறை இறந்தவர்

1942 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. தோக்கியோ மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் மாண்டார் என்று உலகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. காந்தியடிகள் சுபாஷின் தாய்க்கு இரங்கல் தந்தி அனுப்பினார். சில நாளில் சுபாஷ் வானொலியில் தோன்றித் தாம் உயிரோடு இருப்பதை உலகுக்குத் தெரிவித்தார். விமானம் விழுந்தது உண்மை. அதில் மாண்டவர்கள் தென்கிழக்காசியாவிலிருந்து அந்த மாநாட்டுக்குப் புறப்பட்ட வேறு இந்தியத் தலைவர்கள். சுபாஷோ அப்போது ஜெர்மனியில் இருந்தார்.

தாத்தாவின் நம்பிக்கைக்கு வேர் இதுதான் என்று பின்னாளில் உணர்ந்தேன். காவலர் கண்ணில் மண்ணைத் தூவியவர், ஊமையாக நடித்தவர், விமான விபத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்டபின் வானொலியில் பேசியவர். அப்படிப்பட்டவர் மூன்றே ஆண்டில் மீண்டும் விமான விபத்தில் இறந்தார் என்று சொன்னால் யார்தான் நம்புவார்? தாத்தா அறிவிலி அல்லர். முன்பு நடந்ததை வைத்துப் பின்பு நடந்ததை ஊகித்தார். ஆனால், ஒருவர் முன்பு தப்பினார் என்பது இம்முறையும் தப்பினார் என்பதற்குச் சான்றாகாது.

மலாயாவுக்கு வந்த நேதாஜி

1943 பிப்ரவரியில், வியன்னாவைச் சேர்ந்த எமிலியையும் சில மாதக் குழந்தையான அனிதாவையும் ஐரோப்பாவில் விட்டுவிட்டு, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டார். மடகாஸ்கருக்கு அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சாபாங் தீவில் கரையேறினார். ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4இல் கேத்தே கட்டடத்தில் ராஷ் பிகாரி போஸ் இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் பாடாங் திடலில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். டாக்டர் இலட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை எழுந்தது.

நம் மக்களிடம் அது ஏற்படுத்திய எழுச்சியை ஏட்டில் அடக்க முடியாது. கங்காணிக்கும் கிராணிக்கும் கைகட்டி நின்ற பால்மரத் தொழிலாளியைப் படைவீரன் என்று அழைத்து, துப்பாக்கியைக் கையில் கொடுத்தவர் அவர். கோலாலம்பூர்க் கூட்டத்தில் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி தேவர், பின்னர் அப்பெண்கள் படையில் முன்னணி அதிகாரியானார். என் தாத்தா பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். நேதாஜியை ஒரே ஒரு முறை, கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தார். அந்த ஒரு பார்வைதான் அவருடைய வாழ்நாள் சொத்து.

இதே காலத்தின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. எந்த ஜப்பானியரோடு நேதாஜி கைகோத்தாரோ, அதே ஜப்பானியர்தாம் நம் தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண இரயில் பாதைக்கு ஏற்றிச் சென்றார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அங்கே மாண்டார்கள். என் தாத்தாவின் அண்ணன் அவர்களுள் ஒருவர். போனார், திரும்பவில்லை. சாவுச் சான்றிதழும் இல்லை, சடலமும் இல்லை. எந்த நாளில் திதி கொடுப்பது என்று தெரியாமல், கொள்ளுப்பாட்டி தம் கடைசிக் காலம் வரை மூத்த மகனுக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்து வைத்தாராம். நேதாஜியைத் தெய்வமாகப் போற்றிய அதே வீட்டில்தான் அந்தத் தட்டும் இருந்தது.

1945 ஆகஸ்டு 18

1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. 1945 ஏப்ரலில் இரங்கூனைக் கைவிட நேர்ந்தது. ஜான்சி ராணிப் படைப் பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பாமல் தாம் போவதில்லை என்று நின்ற நேதாஜி, சேற்றிலும் குண்டுமழையிலும் அவர்களோடு நடந்து தாய்லாந்து நோக்கிப் பின்வாங்கினார். ஆகஸ்டில் சிரம்பானில் இருந்தபோது ஜப்பான் சரணடையப் போகும் செய்தி அவருக்கு எட்டியது. சிங்கப்பூர் திரும்பித் தம் அமைச்சர்களோடு கலந்து பேசி, 16ஆம் நாள் புறப்பட்டார். மஞ்சூரியா வழியாக சோவியத் ருஷியாவின் உதவியை நாடுவது அவர் எண்ணம்.

17ஆம் நாள் சைகோனில் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானத்தில் இரண்டே இடங்கள் கிடைத்தன. நேதாஜியோடு கர்னல் ஹபீபுர் ரகுமான் ஏறினார். தமிழரான அமைச்சர் எஸ்.ஏ. அய்யர் உட்பட மற்றவர்கள் பின்தங்கினர். 18ஆம் நாள் பிற்பகல், அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைப்பேயில் விமானம் எண்ணெய் நிரப்பிக்கொண்டு மேலெழுந்தது. எழுந்த சற்று நேரத்தில் இடப்பக்க இயந்திரம் பழுதாகி, விமானம் தரையில் மோதித் தீப்பிடித்தது. ஜப்பானியத் தளபதி ஷிடெய் மாண்டார். உடையெல்லாம் பெட்ரோல் நனைந்திருந்த நேதாஜி, தீக்குள் புகுந்து வெளியே வந்தார். அவர் உடையில் பற்றிய தீயை அணைத்த ஹபீபுர் ரகுமானின் கைகளும் வெந்தன. இராணுவ மருத்துவமனையில் மருத்துவர் யோஷிமி சிகிச்சை அளித்தும் பயனில்லை. அன்றிரவு நேதாஜி காலமானார். அவருக்கு வயது 48. அங்கேயே தகனம் செய்யப்பட்டு, அஸ்தி தோக்கியோவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அய்யரும் தோக்கியோ இந்தியர் தலைவர் இராமமூர்த்தியும் அதைப் பெற்றுக்கொண்டனர். செப்டம்பரில் அது ரெங்கோஜி கோவிலில் வைக்கப்பட்டது.

இறந்தபின் வளர்ந்த கதைகள்

மகிழ்ச்சியான கதைகள் விரைவில் பரவின. தமிழகத்தில் முத்துராமலிங்கத் தேவர் நேதாஜி உயிரோடு இருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். சைபீரியச் சிறையில் இருக்கிறார் என்றனர் சிலர். 1960களில் வட வங்காளத்து ஷோல்மாரி ஆசிரமத்துச் சாமியார்தாம் அவர் என்றனர். அந்தச் சாமியார் மறுத்தும் பயனில்லை. 1964இல் நேருவின் உடலருகே நின்ற துறவியின் படத்தைக் காட்டி இவரே அவர் என்றனர். அவர் ஒரு கம்போடியப் பௌத்தத் துறவி. பைசாபாத்தில் திரைமறைவில் வாழ்ந்து 1985இல் இறந்த கும்நாமி பாபா என்ற சாமியாருக்கும் அந்தப் பெயர் சூட்டப்பட்டது.

இந்திய அரசு மூன்று விசாரணைகள் நடத்தியது. 1956இல் ஷா நவாஸ் குழுவின் பெரும்பான்மையினர் விபத்தில் இறந்ததை உறுதி செய்தனர். குழுவில் இருந்த நேதாஜியின் அண்ணன் சுரேஷ், முதலில் இணங்கிப் பின்னர் மறுத்தார். 1970இல் அமைந்த கோஸ்லா ஆணையமும் விபத்தையே உறுதி செய்தது. 1999இல் அமைந்த முகர்ஜி ஆணையம் மட்டும் அவர் விபத்தில் இறக்கவில்லை, ரெங்கோஜி அஸ்தி அவருடையதன்று என்றது. அரசு அதை ஏற்கவில்லை. அந்த அறிக்கை வெளியான 2006இல் தாத்தா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஊருக்கே கேசரி கொடுத்திருப்பார்.

அந்த அறிக்கை என்னையும் உலுக்கியது. பழைய தாளை மீண்டும் எடுத்தேன். விபத்துக்குத் தைவானில் பதிவு இல்லை என்பது ஆணையம் கொண்ட வாதங்களுள் ஒன்று. ஆனால், அன்று அந்த விமானத் தளம் தோற்றுக்கொண்டிருந்த ஜப்பானிய இராணுவத்தின் கையில் இருந்தது. இன்றைய தைவான் அரசு அப்போது அங்கே இல்லை. பதிவு கிடைக்கவில்லை என்பது நிகழவில்லை என்று ஆகிவிடாது. சயாம் போன என் பெரிய தாத்தாவுக்கும்தான் பதிவு இல்லை. அதனால் அவர் சாகவில்லை என்றா சொல்வது?

அதே ஆணையம், கும்நாமி பாபாதான் நேதாஜி என்பதற்கும் உறுதியான சான்று இல்லை என்றது. பாபாவின் பற்களில் செய்த மரபணுச் சோதனை பொருந்தவில்லை. நம்மவர் பலர் அறிக்கையின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். விபத்தில் ஐயம் எழுப்பிவிட்டால் சாமியார் கதை தானாக மெய்யாகிவிடாது. சைபீரியாவில் மடிந்தவர் பைசாபாத்தில் வாழவும் முடியாது. ஒன்றையொன்று வெட்டும் கதைகள் அனைத்தையும் ஒரே மூச்சில் நம்புகிறவர், உண்மையைத் தேடவில்லை, மறுப்பைத் தேடுகிறார் எனலாம்.

நிரம்பிய கட்டமும் காலிக் கட்டமும்

என் தாளில் கண்டவர் கட்டத்தில் ஹபீபுர் ரகுமான், மருத்துவர் யோஷிமி, உயிர் தப்பிய ஜப்பானிய அதிகாரிகள், மருத்துவமனையில் இருந்தவர்கள் எனப் பலர் சேர்ந்தனர். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில் அவர்கள் சொன்னதன் சாரம் ஒன்றே. இறந்த நேரம், தகனம் நடந்த நாள் போன்ற சிலவற்றில் வேறுபாடு உண்டு. நெடுஞ்சாலையில் நடந்த விபத்தை நேரில் கண்ட நால்வரைக் கேட்டுப் பாருங்கள். நால்வரும் நான்கு நேரம் சொல்வார்கள். விபத்து நடக்கவில்லை என்று அதற்குப் பொருளா? எல்லாரும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

உயிரோடு பார்த்ததாகச் சொல்லும் பக்கத்தில் கேட்டவர் கட்டம் நிரம்பி வழிந்தது. விரும்பியவர் கட்டத்தில் முதல் பெயராக என் தாத்தாவின் பெயரை எழுதினேன். இரண்டாவதாக என் பெயரை எழுதினேன்.

ஐயப்பட்டவர்கள்மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமன்று. இந்திய அரசு நேதாஜி பற்றிய கோப்புகளைப் பல்லாண்டுகள் பூட்டி வைத்தது. 1948 முதல் 1968 வரை அவருடைய உறவினர்களை உளவுத்துறை வேவு பார்த்தது 2015இல் வெளிவந்தது. 2016 முதல் கோப்புகள் திறந்துவிடப்பட்டன. அவற்றில் அவர் தப்பிப் பிழைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஜப்பானிய அரசு 1956இல் நடத்திய ஆய்வின் அறிக்கையும் வெளிவந்து விபத்தையே உறுதி செய்தது. அரசு எதையோ மறைத்தது என்பது உண்மை. நாம் நினைப்பதைத்தான் மறைத்தது என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தைச் சான்றின்றித் தாண்டுகிறபோதுதான் சதிக்கதை பிறக்கிறது.

எனக்குப் பிடித்த வாதம் ஒன்றும் உண்டு. தோழர்களை விட்டு ஓடாதவர், நாடு விடுதலை பெற்றபின் நாற்பது ஆண்டு திரைக்குப் பின்னே ஒளிந்திருப்பாரா? பெற்ற மகளை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருப்பாரா? ஆனால், இந்த வாதத்தைக் கடைசியில் வைக்கிறேன். இதுவும் விருப்பத்திலிருந்து எழும் வாதமே. சாட்சிகள் இல்லாவிட்டால் இதற்கு எடை இல்லை. அந்த மகள் அனிதா தம் தந்தை தைப்பேயில் இறந்ததாகவே ஏற்று, அஸ்தியை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி நாட்டுக்குக் கொண்டு செல்லுமாறு கேட்டு வந்திருக்கிறார். சோதனைக்கு அஞ்சாதவர் கேட்கும் கேட்பு அது.

நிறைவாக

இன்றும் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஆண்டுக்கு இருமுறையாவது நேதாஜி உயிரோடு இருந்த இரகசியம் வந்து விழுகிறது. அனுப்புகிறவர்களைப் பரிகசிப்பதில்லை. இதைக் கண்டவர் யார் என்று மட்டும் கேட்கிறேன். சில நாள் உரையாடல் தொடர்கிறது, சில நாள் அமைதியாகிவிடுகிறது. கழகத்துத் தம்பி தங்கைகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். பிறர் நம்பிக்கையைச் சோதிப்பது எளிது. நமக்கு இனிக்கும் கதையை, நம் வீட்டுப் பெரியவர் சொன்ன கதையை, நமக்குக் கைதட்டல் வாங்கித் தந்த கதையைச் சோதிப்பதே கல்வி.

தாத்தா இருந்தவரை அவரோடு இதைப்பற்றி வாதாடவில்லை. ஒருமுறை மட்டும், நேதாஜி இறந்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அண்ணனுக்கும் மாலை போட வேண்டிவரும் என்றார். அன்றுதான் அவர் கணக்கு எனக்கு முழுமையாக விளங்கியது. ஒரு தலைவரின் சாவுக்கு மூன்று விசாரணைகள் நடந்தன. சயாமில் மாண்ட அவர் அண்ணனுக்காக ஒன்றுகூட நடக்கவில்லை.

2003இல் தாத்தா மறைந்தார். படம் என் வீட்டுக்கு வந்தது. முகர்ஜி அறிக்கையைப் படித்து, என் தாளை மறுபடியும் சரிபார்த்து முடித்த ஆண்டில், ஆகஸ்டு 18ஆம் நாள் அந்தப் படத்துக்கு முதன்முறையாக மாலை போட்டேன். பெரிய தாத்தாவுக்குப் படம் கிடையாது. அவர் பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டமிட்டு, நேதாஜிக்குப் பக்கத்திலேயே மாட்டி, அதற்கும் ஒரு மாலை போட்டேன்.